தொங்கலும் தாங்கலும்: டெலி லென்ஸைப் பட்டையில் சுமத்தல் குறித்த ஒரு நுண்ணாய்வு

இயல் ஒன்று: சிக்கல்

கனமான டெலி லென்ஸ் பூட்டிய கேமராவைப் பட்டையில் மாட்டி, அதையும் உடைக்காமல் தானும் உடையாமல் சுமப்பது எப்படி என்னும் பொருள் இதுகாறும் முறைப்படி ஆராயப்படவில்லை. இந்த வாக்கியம் இல்லாத ஆய்வேட்டை எவரும் இரண்டாம் பக்கத்துக்கு மேல் புரட்டுவதில்லை என்பதால் முதலிலேயே எழுதிவிட்டோம். 'விட்டோம்' என்ற பன்மையும் அதே மரபு பற்றியது. ஆராய்ந்தவர் ஒருவர்தான், டீக்குக் காசு கொடுத்தவரும் அவரே.

களம் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். ஏரிக்கரை, பார்வைக் கோபுரத்தின் படிகள், வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை என மூன்று இடங்கள் மட்டும். காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. அப்போதுதான் பறவைகள் வரும். பறவைகள் வந்தால்தான் லென்ஸ்கள் வரும். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் தலைக்கு மேலே பறந்தபோதும் நாம் அண்ணாந்து பார்க்கவில்லை. அவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இயல் இரண்டு: கனமும் வரலாறும்

70-300 லென்ஸைத் தூக்கிக்கொண்டு 'கனம் தாங்கலைங்க' என்பவர் நம் ஆய்வுக்குள் வரமாட்டார். நாம் எடுத்துக்கொண்டது நிக்கான் 200-500. முக்காலியில் பூட்டுவதற்கான காலரோடு 2.3 கிலோ. பின்னால் டி500 பாடியைப் பூட்டினால் பேட்டரி உட்பட இன்னொரு 860 கிராம். ஆக மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மேல் எல்லைக்குக் கேனனின் 1200 மி.மீ. எஃப் 5.6 லென்ஸைச் சொல்லலாம், 16.5 கிலோ. சிக்மாவின் 200-500 எஃப் 2.8 அதற்குக் கொஞ்சம் இளைத்தது, 15.7 கிலோ. இவற்றைக் கழுத்தில் மாட்டியவர் எவரேனும் இருந்தால் அவர் எலும்பு மருத்துவத் துறைக்கு உரியவர். அவரை அங்கேயே விட்டுவிடுவோம்.

வரலாற்றுப் பின்னணி என்று ஒரு பத்தி இருந்தாக வேண்டும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தாமே ஒன்றுசேர்த்து ஒரு கருவி செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். பெயரைச் சொன்னாலே தோள் வலிக்கிறது. இந்த ஒரு சான்றைக் கொண்டு 'கனத்த கேமராவை உலகில் முதன்முதல் சுமந்தவன் தமிழனே' என்று நாற்பது பக்கம் நிறுவலாம். நிறுவினால் சால்வை உறுதி. கிருஷ்ணன் யானையைப் பார்க்கப் போனவர் என்பதை ஒரு பின்னிணைப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

இயல் மூன்று: மாட்டும் இடம்

பெட்டியோடு வரும் பட்டையை, பாடியின் இரு தோளிலும் உள்ள வளையங்களில் கோத்து, லென்ஸையும் பூட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்புவது பாமரர் வழக்கு. இதில் லென்ஸின் 2.3 கிலோவும், லென்ஸும் பாடியும் சேரும் மவுண்டிலிருந்து தொங்குகிறது. மவுண்ட் பார்ப்பதற்குக் கெட்டியான உலோக வளையம்தான். ஆனால் அதைப் பாடியோடு பிடித்திருப்பவை சில குட்டித் திருகுகள். பட்டையை லென்ஸின் காலரில் மாட்டினால் கணக்கு தலைகீழாகிறது. அதே மவுண்டில் இப்போது தொங்குவது 860 கிராம் பாடி மட்டும். பெரிய பிரைம் லென்ஸ்களில் பட்டைக்கென்றே வளையம் வைத்து, பட்டையையும் கூடவே கொடுப்பது இதனால்தான்.

விஷயம் இவ்வளவுதான். ஏழு வரியில் முடிந்துபோகிற விஷயத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது என்பதால், மேற்கொண்டு இரு கொள்கையரை உண்டாக்க வேண்டியிருக்கிறது. பாடிக் கொள்கையர் சொல்வது: 'தொங்கும்போது லென்ஸ் நேர்கீழே பார்க்கிறது, அப்போது மவுண்டை வளைக்கும் விசை ஏது? வெறும் இழுவிசைதானே!' காலர்க் கொள்கையர் சொல்வது: 'நின்றால் சரி. நடந்தால்?' இந்த இடத்தில் காலர்க் கொள்கையர் பக்கமே நியாயம். நடந்தால் ஆடும், கோபுரப் படியில் தடதடவென இறங்கினால் குலுங்கும், ஜீப்பில் போனால் கேட்கவே வேண்டாம். குலுங்குகிற 2.3 கிலோ 2.3 கிலோவாக நிற்பதில்லை.

இருப்பினும் சான்றோர் வாக்கு வேண்டுமே. முதல் உரைகாரர் இதை ஏற்கிறார், சான்றாக இரண்டாம் உரைகாரரைக் காட்டுகிறார் (மேற்படி நூல், ப. 12). இரண்டாமவர் மூன்றாமவரைக் காட்டுகிறார் (மேற்படி நூல், மேற்படி பக்கம்). மூன்றாமவர், 'இது முதல் உரைகாரரால் ஐயந்திரிபற நிறுவப்பட்டது' என்று முடிக்கிறார். மூவரில் ஒருவராவது லென்ஸைத் தொட்டிருக்கிறாரா என்று கேட்பது ஆய்வு நாகரிகம் ஆகாது. மூவரும் ஒரே நெறியாளரின் மாணவர்கள்.

இயல் நான்கு: மாட்டும் முறை

ஒற்றைத் தோள்: வழுக்கும்.

மணிக்கட்டு: மணிக்கட்டு இருக்கும்வரை செய்யலாம்.

குறுக்கே மாட்டுதல்: இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. இம்முறையின் மூலவர் நம் பேருந்து நடத்துநர். தோல்பையைக் குறுக்கே போட்டு, ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, நெரிசலுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறவருக்குத் தெரியாத சுமைநூல் ஏதும் இல்லை. பாரம் கழுத்து நரம்பைவிட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் போகிறது. கை கீழே விழுந்த இடத்தில் கேமரா இருக்கிறது. இதில் ஓர் ஆபத்து மட்டும் உண்டு. பாடியில் லென்ஸைக் கழற்றும் பட்டனை அழுத்திக்கொண்டே திருகினால் லென்ஸ் கழன்றுவிடும். இடுப்பு அழுத்தும், நடை திருகும். ஆகவே அந்தப் பட்டன் உடம்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி தொங்கவிடுவது உத்தமம்.

கழுத்தில் மாட்டுதல்: இது தனி இயலுக்கு உரியது. உண்மையில் தனி நூலுக்கு உரியது. இடமின்மையால் சுருக்குகிறோம்.

இயல் ஐந்து: தொப்பை

கழுத்தில் தொங்கும் கேமரா ஓர் ஊசல். ஊசல் ஒரு முறை ஆடி மீள ஆகும் நேரம் எடையைப் பொறுத்ததன்று, நீளத்தைப் பொறுத்தது. இதைக் கலிலியோ பார்த்துச் சொல்லிவிட்டார். தொங்கல் 25 செ.மீ. என்றால் ஒரு வினாடி, 40 செ.மீ. என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் வினாடி. சாதாரணமாக நடக்கும் ஒருவர் இடது காலை வைத்து மறுபடி இடது காலை வைக்கவும் சுமார் ஒரு வினாடி ஆகிறது. நடையின் தாளமும் ஊசலின் தாளமும் நெருங்கினால் ஆட்டம் வளரும். ஒல்லியான இளைஞர் ஒருவர் வேடந்தாங்கல் கரையில் விறுவிறுவென்று நடந்தால் லென்ஸ் முதலில் பெல்ட்டைத் தட்டும், பிறகு கைப்பிடிக் கம்பியைத் தட்டும், கடைசியில் முன்னே போகிறவரைத் தட்டும்.

தொப்பை உள்ளவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கேமரா வயிற்றின் மேல் அமர்ந்துகொள்கிறது; ஆட்டத்தை வயிறு வாங்கிக்கொள்கிறது; கழுத்தின் பாரத்தில் ஒரு பங்கு குறைகிறது. இந்த உண்மையை முதலில் கண்டவர் பெயர் கரையானுக்குத்தான் தெரியும். எனவே அவரை 'கரையான் அறிந்த ஆசிரியர்' எனக் குறிப்போம்.

லென்ஸின் நீளத்துக்கும் தொப்பையின் சுற்றளவுக்கும் உள்ள உறவு நம் தனிக் கண்டுபிடிப்பு. 600 எஃப் 4 போன்ற லென்ஸ் பல லட்சம் ரூபாய். அத்தனை லட்சம் சேரும் வயதில் தொப்பையும் சேர்ந்திருக்கும். சுமையையும் தாங்கியையும் இயற்கை ஒரே பருவத்தில் அருள்கிறது. கிட் லென்ஸ் வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு வயிறு உள்ளே போயிருப்பதும் இவ்விதியின்படியே. அவருக்குத் தாங்கி தேவையில்லை. இதற்கு மாறாக, உடற்பயிற்சி செய்து வயிற்றைக் கரைத்த ஒரு டாக்டர் மூன்று கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்ததைக் களத்தில் கண்டோம். அவரை விதிவிலக்கு என்று எழுதி, அவர் நடந்த பக்கம் மறுபடி போகவில்லை.

தொப்பை மூவகைப்படும்: மேல் தொப்பை, நடுத் தொப்பை, தாழ் தொப்பை. நடுத் தொப்பையே சுமைக்கு ஏற்றது. மேல் தொப்பையில் கேமரா முகவாயை முட்டும். தாழ் தொப்பையில் வழுக்கி விழும். இவை ஒவ்வொன்றும் காலை ஆறு மணித் தொப்பை, வெண்பொங்கலுக்குப் பிந்தைய தொப்பை என இருவகைப்பட்டு, ஆறாகும். மூச்சை இழுத்த நிலை, விட்ட நிலை எனக் கொண்டால் பன்னிரண்டு. 'வெண்பொங்கலோடு வடையும் உண்ட தொப்பை பதின்மூன்றாவது' என்று கரையான் அறிந்த ஆசிரியர் ஒரு தனிப்பாடம் தருகிறார் (மேற்படியார், மேற்படி ஏடு, கிழிந்த பகுதி, கீழிருந்து மேலாக மூன்றாம் வரி, யாரோ பென்சிலால் எழுதி யாரோ அழித்தது). இது இடைச்செருகல் என்பார் முதல் உரைகாரர். இடைச்செருகல் என்பதே இடைச்செருகல் என்பார் இரண்டாமவர் (மேற்படி ஏட்டின் படி, அப்படியின் நகல், அந்நகலைப் படம் எடுத்து ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதன் இரண்டாம் பக்கம், கட்டைவிரல் மறைத்த இடம்). மூன்றாம் உரைகாரர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

கொள்கை எங்கே சறுக்குகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டீக்கடையில் சறுக்குகிறது. பெஞ்சில் வைத்த கிளாஸை எடுக்கக் குனிந்த கணத்தில் கேமரா வயிற்றைவிட்டு முன்னே பாய்கிறது. 200-500 லென்ஸின் வாய் 95 மி.மீ.; ஹூட் மாட்டினால் அதைவிட அகலம். ஒரு மசால் வடை தாராளமாக உள்ளே போகும். தட்டின் ஓரத்தில் இருந்த வடையை ஹூட் கவ்வுவதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர், "சார், அந்தக் குழாயைக் கொஞ்சம் தள்ளிப் புடிங்க, வடை மேல இடிக்குது" என்றார். துறையின் மொத்த அறிவும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. குனியும் முன் இடது கையை லென்ஸின் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டால் போதும். படி ஏறும்போதும், வேலியைத் தாண்டும்போதும், கூட்டத்தில் திரும்பும்போதும் அதே கைதான். ஜூம் லென்ஸ் தன் பாட்டுக்குக் கீழே நீளாமல் இருக்க அதன் பூட்டையும் போட்டுவிட வேண்டும்.

இவ்வியலின் சுருக்கம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் படிக்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஜூமில் எட்டிப் பார்த்ததால் அது பன்னாட்டு ஆயிற்று. பதிவுக் கட்டணம் செலுத்திய எல்லாருடைய கட்டுரைகளும் ஆய்வுக்கோவையில் இடம்பெற்றன. செலுத்தாத ஒருவரது கட்டுரை தரமில்லை என்று வல்லுநர் குழு கண்டது.

இயல் ஆறு: திருகு

காலரின் அடியில் ஒரு திருகுத் துளை இருக்கும். கால் அங்குலம் அல்லது எட்டில் மூன்று அங்குலம். இந்த இரண்டு அளவுக்கும் ஐ.எஸ்.ஓ. 1222 என்று உலகத் தரமே உண்டு. குறுக்குப் பட்டைகளில் பல இந்தத் துளையில்தான் திருகப்படுகின்றன. பட்டையின் பலம் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பீக் டிசைன் நிறுவனத்தின் இணைப்பு நூல் ஒவ்வொன்றும் 90 கிலோ தாங்கும் என்கிறார்கள். கேமராவோடு சேர்த்துச் சுமப்பவரையே தொங்கவிடலாம். அந்த நூலின் கறுப்பு உறை தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். ஆனால் லென்ஸ் கீழே விழுவது பெரும்பாலும் திருகால். ஒவ்வோர் அடிக்கும் கேமரா கொஞ்சம் சுழல, திருகு மயிரிழை மயிரிழையாக இளகுகிறது. காலரை லென்ஸோடு இறுக்கும் திருகும் அப்படியே. சில காலர்கள் அது இளகினால் வாயைத் திறந்துவிடும். காரை விட்டு இறங்கும்போது இரண்டையும் ஒரு முறை விரலால் முறுக்கிப் பார்த்துவிட்டு, பாடியின் வளையத்திலிருந்து பட்டைக்கு ஒரு தனிக் கயிறும் கட்டிவிட்டால், திருகு துரோகம் செய்தாலும் கேமரா அந்தரத்தில் நிற்கும்.

இதற்கு மேற்கோள் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் எவரும் எழுதவில்லை போலும்; எழுதாததால் ஆய்வுலகில் இது இன்னும் உண்மை ஆகவில்லை.

மேலாய்வுக்கான களங்கள்

காரின் பின் இருக்கையில் லென்ஸுக்கு சீட் பெல்ட் போடலாமா என்பது திறந்த கேள்வி. மனைவியின் தோளில் ஏற்றுதல் குறித்து இரண்டு களப்பணியாளர்களை அனுப்பினோம். அறிக்கை வரவில்லை, அவர்களும் வரவில்லை. தொப்பையின் பதின்மூன்றாம் வகைக்குத் தனி ஆய்வுத் திட்டம் தயார். நிதி கிடைத்தால் மூன்றாண்டுகளில் முடிக்கலாம். முதலாண்டு நிதியில் ஒரு டெலி லென்ஸ் வாங்கப்படும். தற்போது நம்மிடம் இருப்பது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், 200 கிராம் தேறாது, சட்டைப் பையில் கிடக்கிறது.