3 வயதில் நரை

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். பேட்டரிக்கு 3 வருடம் முடிந்தது. காலையில் செல்ஃப் முனகுகிறது. மாற்றிவிடவா, இன்னும் ஒரு மழைக்காலம் தாங்குமா?
(வாசகர், சீத்தா கேம்ப், மும்பை)

பதில்: கார் பேட்டரியின் ஆயுள் 3 முதல் 5 வருடம். மும்பை வெக்கையில் 3-லேயே நரை விழும். அதன் முதல் எதிரி சூடு.

ஆனாலும் அவசரப்படாதீர்கள். முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாஸ்லின். பல வண்டிகள் இந்தக் குளியலிலேயே எழுந்துவிடும்.

அடுத்து மீட்டர். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் வயிறு நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் அரைப் பட்டினி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், பேட்டரி நிரபராதி. முழு சார்ஜ் ஏற்றியும் செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே சரிகிறதா? ஜூனுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். உங்கள் சந்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ண இடமேது!

பழையதைக் கடையிலேயே கொடுங்கள். உள்ளிருக்கும் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். தெருவில் உடைத்தால் அதே ஈயம் குழந்தைகளுக்கு விஷம்.