மனசுக்கும் துண்டு எடுக்கலாம்

கேள்வி: கவலை இல்லாத மனுசன் ஆர்? வாடைக்காற்று அடித்து வள்ளங்கள் கரையில் கிடந்தால் எங்கள் ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் திரியும். இதற்கும் டொக்டரா?
– கடற்றொழிலாளி, திருக்கடலூர்

பதில்: வள்ளம் கரையில் கிடக்கும்போது முகம் தொங்கினால் அது கவலை. கடல் படுத்து, பக்கத்து வள்ளம் சூடை மீனோடு வந்து சேர்ந்த பிறகும் பாயை விட்டு எழும்ப உங்களுக்கு மனம் வரவில்லையென்றால் சங்கதி வேறு, அது மனச்சோர்வாக இருக்கலாம். டொக்டர்மார் பார்க்கும் கணக்கு இரண்டு கிழமை. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பொழுது மனம் சோர்ந்து கிடக்கிறது, அல்லது முன்பு பிடித்த எதிலும் இப்போது பிடிப்பில்லை. கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெடுகின்றன. 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற எண்ணம் அரிக்கிறது. தொழிலுக்குப் போக முடியவில்லை. இப்படியென்றால் போய்க் காட்டுங்கள். "கடன் இருக்கு, அதுதான்" என்று காரணம் சொல்லித் தப்ப முடியாது. விழுந்த காரணம் தெரிந்துவிட்டால் முறிந்த கால் சேர்ந்துவிடுமா?

கேள்வி: அம்மா அழுவதில்லை. "கை கால் உளையுது, நெஞ்சு பாரமாக் கிடக்கு" என்கிறார், பெருமூச்சு விடுகிறார். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாம். நடிக்கிறாரோ?
– மகள், மூதூர்

பதில்: நடிப்பதென்றால் கைதட்டுக்காவது நடிப்பார். நம் ஆட்களில் பலருக்கு மனச்சோர்வு வாயால் வராது. உளைவாக, நெஞ்சுப் பாரமாக, பெருமூச்சாகத்தான் வரும். வெற்றிலைத் தட்டம் தொடாமல் கிடக்கிறதா? பின்னேரம் படலையடியில் பேச நிற்பவர் இப்போது உள்ளேயே இருக்கிறாரா? விடியப்புறம் மூன்று மணிக்கே விழித்துவிடுகிறாரா? இவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். தைரோயிட் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அது குறைந்தாலும் மனம் இப்படித்தான் மந்தமாகும்.

கேள்வி: காளி கோயிலில் நூல் கட்டினோம், கோணேசருக்கு நேர்த்தி வைத்தோம். இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் சாமிக் குற்றம் ஆகாதா?
– வீரநகர்

பதில்: ஆகாது. நூல் ஒரு கையில் இருக்கட்டும், கிளினிக் கொப்பி மற்றக் கையில் இருக்கட்டும். நூலை அறுத்தெறியச் சொல்கிற டொக்டரை நான் கண்டதில்லை. மருந்தை நிறுத்தச் சொல்கிற பூசாரி இருந்தால் பூசாரியை மாற்றுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது எந்தச் சாமிக்கும் நேர்த்தி அல்ல. கிண்ணியாவில் ஓதிப் பார்க்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தம்பி ஒரு கிழமையாகச் சரியாகத் தூங்கவில்லை, களைப்பும் இல்லை. பேச்சு நிற்காது. கடன் வாங்கி மூன்று எஞ்சினுக்கு முற்பணம் கொடுத்துவிட்டான். துறைமுகத்தையே குத்தகைக்கு எடுக்கப்போகிறானாம். சந்தோசமாகத்தானே இருக்கிறான்?
– அக்கா, சீனக்குடா

பதில்: அந்தத் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கப்பலோடுதான் வந்தார்கள், அக்கா. தம்பி வெறும் கையோடு, தூக்கமும் இல்லாமல் வருகிறார். இது மனவெழுச்சியாக இருக்கலாம். மனச்சோர்வுக்கு மறுகரை. சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். அதை இருதுருவக் கோளாறு என்பார்கள். சோர்ந்தவர் தானாக வைத்தியம் தேடினாலும் தேடுவார்; எழுச்சியில் இருப்பவர் "எனக்கென்ன குறை?" என்பார். ஆகவே நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும், நாளைக்கு அல்ல, இன்றைக்கு. வங்கிப் புத்தகத்தையும் மோட்டார் சைக்கிள் திறப்பையும் எடுத்து வையுங்கள். முன்பு எப்போதாவது சோர்ந்து கிடந்தாரென்றால் அதையும் சொல்லுங்கள். இவருக்குச் சோர்வுக்கான மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் எழுச்சி இன்னும் ஏறக்கூடும்.

கேள்வி: கிளினிக்கில் சனம் நெரியும். கிடைப்பது ஐந்து நிமிடம். என்னத்தைச் சொல்ல?
– ஆசிரியை, உப்புவெளி

பதில்: எழுதிக்கொண்டு போங்கள். 1904இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் தொடங்கிய லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியாவை மணந்தார். மனைவியின் மனநிலையைத் தன் நாட்குறிப்பில், பிறர் வாசிக்காதபடி தமிழ், சிங்கள எழுத்துகள் கலந்த சங்கேதத்தில் குறித்துவைத்தார். நமக்குச் சங்கேதம் வேண்டாம், டொக்டர் வாசிக்க வேண்டுமே! இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை நேரம் சாப்பாடு, வேலைக்குப் போனேனா, மனம் பத்துக்கு எத்தனை? நாளுக்கு ஒரு வரி. இரண்டு கிழமை எழுதினால் ஐந்து நிமிடம் தாராளம்.

கேள்வி: குளிசை தொடங்கினால் சாகும்வரை போட வேண்டுமாமே?
– தம்பலகாமம்

பதில்: மனச்சோர்வுக் குளிசையும் நித்திரைக் குளிசையும் ஒன்றல்ல, முதலாவதற்கு அடிமையாக மாட்டீர்கள். ஆனால் அது மெதுவான ஆள், வேலை காட்ட இரண்டிலிருந்து நாலு கிழமை, சிலருக்கு இன்னும் கூட எடுக்கும். மூன்றாம் நாள் "ஒன்றும் செய்யேல்லை" என்று எறியாதீர்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது வழக்கம். நிறுத்துவதை டொக்டரோடு சேர்ந்து படிப்படியாகச் செய்யுங்கள். லேசான சோர்வென்றால் பேசித் தீர்க்கும் உளவளத்துணையே போதுமாகலாம்.

கேள்வி: எனக்கு லிதியம் தந்திருக்கிறார்கள். கடலுக்குப் போகலாமா?
– குச்சவெளி

பதில்: போகலாமா என்பதை உங்கள் டொக்டர் சொல்லட்டும், போனால் தண்ணீர்க் கலனை மறக்க வேண்டாம். 1949இல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் மனவெழுச்சிக்கென்று உலகுக்குக் காட்டிய நல்ல மருந்து அது. ஆனால் அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறிது; அதனால்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வெயிலில் வியர்த்தாலும், வாந்தி பேதி வந்தாலும் உடம்பில் அதன் அளவு ஏறும். உளைவுக்கென்று டைக்ளோபெனக் போன்ற வலிக்குளிசையைக் கேட்காமல் போடாதீர்கள். கை நடுங்கி, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: இருந்து என்ன பயன் என்று அடிக்கடி தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: உங்களுக்கு இரண்டு கிழமைக் கணக்குக் கிடையாது. இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 1926ஐ அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் எண், தமிழிலும் பேசலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸ் வழக்கு வருமென்று பயப்பட வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வீட்டாருக்கு ஒன்று: "சாக வேண்டும்போல் இருக்கா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியே விடாதீர்கள். வயல் மருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 1995இல் இந்த நாட்டில் இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை, கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தபின் பத்தாண்டில் பாதியாகக் குறைந்தது. சாகத் தோன்றும் அந்த நேரத்தைக் கடக்க உதவினால் ஆள் பிழைப்பார்.

கேள்வி: சரி, எங்கே போவது?
– நிலாவெளி

பதில்: திருகோணமலை பெரியாஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது. கிண்ணியா, மூதூர் ஆட்கள் தங்கள் ஆதார வைத்தியசாலை ஓபிடியில் துண்டு எடுத்து, "நித்திரை இல்லை, மனம் சரியில்லை" என்றால் வழி காட்டுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

கேள்வி: உளநல கிளினிக் வாசலில் ஊர்ச்சனம் ஆரும் கண்டால்?
– ஜமாலியா

பதில்: அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள்.