பிந்தும் மணிக்கூடும் முந்திய நாடும்

அப்பாவின் பழைய சாவி மணிக்கூட்டைக் கண்டியில் திருத்தக் கொடுப்பவரிடம், ‘இந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே’ என்பவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரமே, ஒரு தகப்பன் இறந்த மகனின் நினைவாக எழுப்பியது, 1950இல் திறந்தார்கள். அதை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. ‘நாளுக்கு இரண்டு நிமிஷம் பிந்துமே’ என்பது அடுத்த ஆட்சேபம். பிந்தட்டும். 1996 மே மாதம் நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, மிச்ச அரை மணியை 2006 ஏப்ரலில்தான் திருப்பித் தந்தது அரசாங்கம். மயிரிழைச் சுருளில் எண்ணெய் பட்டு ஒட்டினால் மணிக்கூடும் முந்தி ஓடும்தான். திருத்துகிற பாஸ் கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும். அரை மணி முந்திப்போன நாட்டைக் கழுவித் தரத்தான் பத்து வருஷமாக ஒரு பாஸும் அகப்படவில்லை.