சுவடிக்குள் கத்தி

கேள்வி: கூடவே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, மேனேஜரிடம் என்னைப் போட்டுக்கொடுக்கும் சக ஊழியரை என்ன செய்வது?
- வாசகி, தி. நகர்

பதில்: பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்குப் போங்கள். அந்த வரிசையில் மெய்ப்பொருள் நாயனாரும் வருவார், திருக்கோவலூர் மன்னர். போரில் அவரிடம் தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடம் போட்டு, ஓலைச்சுவடிக் கட்டில் கத்தியை ஒளித்து வந்து, அவர் வணங்கியபோது குத்தினான். அவனைப் பத்திரமாக ஊர் தாண்டி விட்டுவரச் சொன்னார் நாயனார்! நமக்கு அந்த மனசு வராது. இன்கிரிமென்ட் மாதத்தில் நிச்சயம் வராது. ஆனால் வாசலிலேயே அவனைத் தடுத்துப் பார்த்த காவலன் தத்தனைக் கவனியுங்கள். உங்கள் தத்தன், இமெயில். வாயால் பேசி முடிவானதை அன்றைக்கே எழுதி, மேனேஜருக்கும் சிசி போட்டுவிடுங்கள். காபியை நிறுத்தாதீர்கள், பில்லை மட்டும் அவர் பக்கம் தள்ளுங்கள்.