களைக்கு ஏசி போட்ட பேராண்டி

வாடே பேராண்டி! நாங்க கூலி குடுத்துப் பிடுங்குத களையை நீ காலேஜுல பெட்டிக்குள்ள வச்சு, வேளாவேளைக்குத் தண்ணி தெளிச்சு வளக்கியாமே. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இந்தக் கவனிப்பு கெடையாதுன்னு உங்க ஆச்சி கன்னத்துல கை வச்சுட்டா.

சரி, போட்டோவைக் காட்டு. நனைச்ச தாள்ல அம்பது புல்லு விதை. எல்லாம் போன மாசம் உதிர்ந்தது. முளைச்சது அஞ்சாறு. ராவும் பகலும் 25 டிகிரியாமே! ஏண்டே, நம்ம கோயில்பட்டிக் கரிசல்ல நடுச்சாமமும் உச்சிப்பொழுதும் ஒரே சூட்டுல இருந்து பாத்திருக்கியா?

புழுதி பகல்ல கொதிக்கும், ராத்திரி ஆறும். ஒரு சாண் ஆழத்துல அந்த ஏத்த இறக்கம் மட்டுப்பட்டுரும். பயிர் நெழல் கட்டுனாலும் அப்படித்தான். ஏத்த இறக்கம் பெருசா இருந்தா, 'மேலாப்புலதான் கெடக்கோம், தலைக்கு மேல ஆளில்ல'ன்னு பல களை விதைக்குப் புரிஞ்சுபோகும். கடுகுக்கும் சின்ன விதை, ஆழத்துல முளைச்சா வெளிச்சம் பாக்குமுன்ன கையிருப்பு தீந்துருமில்லா? படிக்காமலே கணக்கு வச்சிருக்கு.

அதனால பகலுக்கு 30, ராத்திரிக்கு 20ன்னு திருப்பி வையி. ரெண்டுக்கும் சம நேரம் குடுத்தா சராசரி அதே 25தான், உங்க சாருக்கும் மனசு நோகாது. பழைய தட்டும் வேற பெட்டியில 25லயே இருக்கட்டும், ஒப்பிட ஆள் வேணும். ரெண்டு வகையிலயும் கொஞ்சம் தட்டைத் தகரத்தாள் சுத்தி இருட்டடி. இல்லன்னா வெளிச்சம் செஞ்ச வேலைக்குச் சூடு மாலை வாங்கிட்டுப் போயிரும்.

முளைக்காததை எல்லாம் செத்ததுன்னு நோட்டுல எழுதிராத. இடுக்கியால அமுக்கு. கூழா நசுங்குனா போச்சு. கெட்டியா நின்னா அநேகமா தூங்குது, உன்னைய மாதிரி எட்டு மணிக்கு மேல எந்திரிக்கும். அமெரிக்காவுல பீல் வாத்தியார் 1879ல பாட்டில்ல புதைச்ச விதையில கொஞ்சம் 2021லயும் முளைச்சுதுன்னு நீதான சொன்னே?

முளைச்சதை எண்ணுன பெறகு தண்ணியில அலசி வாய்க்கால்ல விட்டுராதே, வேக வச்சுக் கொட்டு. அப்புறம் ஞாயித்துக்கெழமை இங்க வா. மழை பெஞ்சு, வெயிலும் அடிச்சு, உன் பரிசோதனை கீழப்புஞ்சை பூரா பச்சைப்பசேல்னு நிக்கி. ஒண்ணொண்ணா எண்ணிப் பிடுங்கு. களைகொத்தி திண்ணையில இருக்கு, கூலி ஆச்சி தருவா.