பருவைக் கேளுங்கள்!

மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிளிண்டாமைசின் ஜெல்லை ஒரு வாரமாகப் பூசுகிறேன். பரு அடங்கவில்லையே? – கல்லூரி மாணவர், சூலக்கரை

ஊதுபத்தியைக் காட்டியதும் முடிந்துபோக இது சரவெடியா? ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுங்கள். அதற்குள் ஒரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

பரு அடங்கிவிட்டால், தொடர்ந்து பூசலாமா? – அதே மாணவர்

விருந்தும் மருந்தும் மூன்று நாள். இந்த மருந்துக்குச் சலுகை: மூன்று மாதம். அதற்கு மேல் போனால் கிருமி அதற்குப் பழகி, வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிடும்.

கூடவே பென்சாயில் பெராக்சைடும் எழுதுகிறாரே டாக்டர்? – வாசகர், சிவகாசி

உலர்ந்த தூளாக இருந்தால் அது உங்கள் ஊர்ச் சரக்கு, வெடிக்கும்! 2.5 சதவீத ஜெல்லில் பரம சாது. கிருமி இதற்குப் பழகுவதில்லை. அதனால்தான் ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக அனுப்புகிறார்கள். தலையணை உறை வெளுத்தால் டாக்டரைத் திட்டாதீர்கள்.

எண்ணெய் பரோட்டாவால் பரு வருமா? – வாசகர், விருதுநகர்

எண்ணெய்க்கு வயிற்றிலிருந்து முகத்துக்கு நேர்வழி கிடையாது. சந்தேகம் மைதா மேல்தான். சால்னா நிரபராதி.

தோழி தந்த சிவப்பழகு க்ரீமில் பருவும் மறைந்ததே! – வாசகி, சாத்தூர்

ஸ்டீராய்டு கலந்ததா, பாருங்கள். புஸ்வாணம் மாதிரி முதலில் பளபளப்பு, பிறகு புகை. ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசே சொல்லிவிட்டது. கடைக்காரர் மறக்கலாம், தோல் மறக்காது.