பனியாற்றுக்கு எடை பார்ப்பவர்கள்

கேள்வி: ஆள் அரவமே இல்லாத பனிவெளியில் பனியாறு சுருங்குவதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: நீளம் குறைவதைக் கண்டுபிடிப்பது எளிது. 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களே போதும். மெலிவதுதான் கள்ளத்தனம், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார், இடுப்பு பெல்ட் மட்டும் தளர்ந்திருக்கும்! அதைப் பிடிக்கத்தான் 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள், விநாடிக்கு 10,000 லேசர் துடிப்புகளை அனுப்பி மேற்பரப்பின் உயரத்தை அளக்கிறது.

ஆனால், உயரம் தெரிந்தாலும் எடை தெரியாது. நேற்று விழுந்த பனி பஞ்சு, பழைய பனி பாறை. அதனால் மண்வெட்டிக்கு இன்னும் வேலை உண்டு. அலாஸ்காவின் ஜூனோ பனிவெளியில் 1940-களில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில், மாணவர்கள் பனியில் சறுக்கிப் போய்க் குழி வெட்டுகிறார்கள். சென்ற கோடையின் அழுக்குக் கோடு தென்படும்வரை தோண்டி, குழிச் சுவரில் உருளையைச் செருகி, அடுக்கடுக்காகப் பனியை எடுத்து எடை போடுகிறார்கள். இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியாது.

அங்கேயுள்ள டாக்கு பனியாறு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தடிமன். அக்கம்பக்கத்துப் பனியாறுகள் பின்வாங்கியபோதும் அது பல்லாண்டுகள் முன்னேறியது. 2018 வாக்கில் அதுவும் பின்வாங்கத் தொடங்கிவிட்டது.